ஒற்றைச் சொல்லோடு ஆற்றில் இறங்கியவர்

என் கணவருக்கு இப்போது ஒரே ஒரு சொல்தான் பேச வரும். அது "சனியன்".

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது அழுகிற கதை இல்லை. அழுதது உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் மூக்கைச் சிந்தி நல்ல சேலை ஒன்றின் முந்தானையைப் பாழாக்கியதும் உண்டு. ஆனால் கடைசியில் நாங்கள் வென்றோம். வென்றவள் கதை சொன்னால் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லுவாள். அதோடு நான் சிறுபிள்ளை வகுப்புகளுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள், மெதுவாகப் பேசுகிற பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

அவருக்கு ஏறாவூருக்குப் போகிற பெரிய வீதியில் டயர் ஒட்டுகிற கடை. ஒரு நாள் காலையில் சில்லு ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த இரும்பு நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழும்பவில்லை. மூளையில் இரத்தம் கட்டிவிட்டது என்று டொக்டர் சொன்னார். வலது கையும் வலது காலும் சோர்ந்துபோயின, பேச்சு நின்றுபோனது. "அவருக்கு எல்லாம் விளங்கும் அம்மா, சொல்லத்தான் வராது. சில பேருக்கு ஒரு சொல் மட்டும் மிச்சம் நிற்கும். அது எந்தச் சொல் எண்டு நாங்க தெரிவு செய்ய ஏலாது," என்றார்.

எங்களுக்குத் தெரிவு செய்ய விட்டிருந்தால் நான் வேறு சொல் பார்த்திருப்பேன். ஆனால் அவர் இறுகிப்போன ஆணியையும், நேரம் கெட்ட நேரத்தில் வருகிற மழையையும், ஸ்டார்ட் ஆகாத தன் மோட்டார் சைக்கிளையும் ஆயுள் முழுக்க அந்த ஒரு பெயரால்தான் அழைத்தார். பழகிய நாய் வீட்டைச் சுற்றுவதுபோல அந்தச் சொல் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

"ஐயா, உங்கட பேர் என்ன?" என்று நர்ஸ் பிள்ளை கேட்டாள்.

"சனியன்."

"சாப்பிட்டீங்களா?"

"சனியன்."

அந்தப் பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. அவருக்கோ அதைவிட அவமானம். தான் நினைத்தது ஒன்று, வாயில் வந்தது வேறொன்று என்று அவருக்கே தெரிந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டார்.

ஏறாவூரிலிருந்து அவருக்கு டயர் கொண்டுவந்து கொடுக்கிற முஸ்லிம் நண்பர் ஒருவர் உண்டு. முஸ்லிம் ஆட்கள் அண்ணனை அழைப்பதுபோல நான் அவரை நானா என்பேன். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்பார்கள். நானா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "மச்சான், என்னடா இப்பிடிக் கிடக்காய்?" என்று கேட்டார். இவர் கண்ணீரோடு "சனியன்" என்றார். நானா அவர் கையைப் பிடித்து, "ஓம் மச்சான், சனியன்தான். வந்தது போயிரும்," என்றார். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லுக்கு ஒழுங்கான பதில் சொன்ன ஒரு மனிதரை நான் கண்டேன்.

இனி எங்கள் சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாவிக் கரையில் தகரக் கூரை போட்ட சின்னச் சபை. வாவியை எங்கள் ஊரில் ஆறு என்றுதான் சொல்லுவோம். நான் பிறந்ததிலிருந்து அந்தச் சபைதான். அவர் சைவக் குடும்பம். நீ உன் வழி, நான் என் வழி என்று பேசித்தான் கலியாணம் செய்தோம். ஒவ்வொரு ஞாயிறும் மோட்டார் சைக்கிளில் என்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வெளியே பூவரச மரத்தின் கீழ் பேப்பரோடு இருப்பார். முப்பது வருசம் அந்த வாசலை அவர் தாண்டவில்லை. ஆனால் சபையின் ஒலிபெருக்கி அந்த மரத்தைப் பார்த்துத்தான் கட்டியிருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் பிரசங்கத்துக்கு விமர்சனம் தொடங்கும்.

"இண்டைக்கு உங்கட பாஸ்டர் ஆடு தொலைஞ்ச கதையைத் தொடங்கினவர். மறுகா ஆட்டைத் தேடாமலே முடிச்சிட்டார். ஆடு இன்னும் காட்டிலதான் நிக்குது."

உள்ளே வாருங்கள் என்று ஆரம்பத்தில் கெஞ்சியிருக்கிறேன். "உள்ளுக்க இருக்கிறவங்க எல்லாம் மோட்சத்துக்கு டிக்கெட் எடுத்தவங்க. நான் பஸ் ஸ்டாண்டிலயே நிக்கிறன்," என்பார். பிறகு நானும் கேட்பதை விட்டுவிட்டேன். சபைப் பெண்கள்தான் விடவில்லை. "அக்காட மனிசன் இன்னும் இரட்சிக்கப்படல்லயா?" என்று, காய்ச்சல் இன்னும் விடவில்லையா என்று கேட்கிற அதே குரலில் கேட்பார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் சைக்கிள்களுக்கெல்லாம் காற்று அடித்துவிடுகிறவர் அந்த இரட்சிக்கப்படாத மனிதர்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நோய்க்குப் பிறகு சில மாதம் கழித்து அவரை ஆட்டோவில் ஏற்றிச் சபைக்குக் கொண்டுபோனேன். வழக்கம்போல மரத்தின் கீழ் கதிரையைப் போட்டேன். அவர் அதில் இருக்கவில்லை. இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து, வாசலைப் பார்த்து நடந்தார். உள்ளே போய்க் கடைசி வரிசையில் இருந்தார். நான் பாடவேண்டிய பாட்டுகள் ஒன்றும் அன்று என் வாயில் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. ஒரு தடவை வேறு சிலருக்கு ஆற்றில் ஞானஸ்நானம் நடந்தது. எல்லாம் முடிந்து ஆட்கள் கரையேறுகிறபோது இவர் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீர்வரை இறங்கிவிட்டார். தன் நெஞ்சில் கையை வைத்தார், பாஸ்டரைக் காட்டினார், தண்ணீரைக் காட்டினார். என்ன கேட்கிறார் என்று குருடனுக்கும் விளங்கியிருக்கும்.

"சனியன்," என்றார்.

கரையில் நின்றவர்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவரை இறங்கச் சொல்லி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, பாஸ்டர் கேட்கிற கேள்விக்கு, விசுவாசிக்கிறேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். கரையில் நிற்கிறவர்களுக்குக் கேட்டால் "கேட்டுது!" என்று சத்தமிடுவார்கள். கேட்காவிட்டால் "கேக்கல்ல!" என்பார்கள், திரும்பச் சொல்ல வேண்டும். கரை பதில் சொல்லாமல் பாஸ்டர் யாரையும் முக்கமாட்டார். இது வானத்திலிருந்து வந்த சட்டம் இல்லை. என் சின்ன வயதில் இருந்த பாஸ்டருக்குக் காது மந்தம். சொன்னது அவருக்குக் கேட்காததால், "கேட்டுதா?" என்று கரையைக் கேட்பார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், வழக்கம் மட்டும் வேரோடிவிட்டது.

அந்தக் கரையில் முதல் ஆளாக நின்று "கேட்டுது" சொல்லுகிறவர் எங்கள் சபையின் மூப்பர். சீமெந்தும் கம்பியும் விற்கிற கடைக்காரர். நேர்மையான மனிதர், அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் சண்டை பிடித்து முடித்திருப்பேன். பாஸ்டர் எங்களுக்கெல்லாம் இளையவர். "மூப்பர் சம்மதிச்சா நான் ரெடி அக்கா," என்று ஒதுங்கிக்கொண்டார்.

மூப்பர் சம்மதிக்கவில்லை. "வாயால அறிக்கை செய்ய வேணும் தங்கச்சி. இவர்ர வாயில என்ன வருது? வாய் எதைச் சொல்லுதோ அதுதான் உள்ளுக்க இருக்கு."

அதோடு நிற்கவில்லை. இது நோய் இல்லை, வேறு ஏதோ நாக்கைக் கட்டிவைத்திருக்கிறது என்று முடிவுகட்டி, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஜெபிக்க வீட்டுக்கே வந்தார். என் கணவர் பொறுமையாகக் கதிரையில் இருந்தார். மூப்பர் அவர் தலையில் கையை வைத்து அழுத்தி, அதட்டிக் கேட்டார்.

"சொல்லு! உன்ர பேர் என்ன?"

"சனியன்."

"பாத்தீங்களா! பேரையே சொல்லிப்போட்டுது!"

நான் அகப்பையோடு குசினியிலிருந்து வந்தேன். "அண்ணன், கையை எடுங்க. ஆஸ்பத்திரியில நர்ஸ் பிள்ளை பேர் கேட்டநேரமும் இதைத்தான் சொன்னவர். தேத்தண்ணி வேணுமா எண்டு கேட்டாலும் இதைத்தான் சொல்லுவார். மூளையில இரத்தம் கட்டினதுக்குப் பேய் எண்டு பேர் வெச்சா, நாளைக்கு உங்கட சீனி வருத்தத்துக்கு என்ன பேர்?"

கூட வந்த இருவரும் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். என் கணவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

அடுத்த வாரம் நான் இறால் உரித்துக்கொண்டே ஒரு பாட்டை முணுமுணுத்தேன். எங்கள் சபையில் முன்பு இருந்த ஒரு தோணிக்காரர் கட்டிய பாட்டு, எங்கள் ஊரைத் தாண்டி யாருக்கும் தெரியாது. "தோணி பழசு, துடுப்பும் பழசு" என்று நான் இழுத்தபோது, பின்னால் இருந்து ஒரு குரல் அடுத்த அடியைப் பாடியது.

"தாங்கிப் பிடிக்கிற கை பழசில்லை."

திரும்பிப் பார்த்தேன். அவர்தான். தண்ணீர்கூடக் கேட்கத் தெரியாத வாய், ஒரு எழுத்து பிசகாமல் பாடியது. நான் தொடங்கினேன், அவர் முடித்தார். இருவருமாக நாலு தரம் பாடினோம். இறால் தட்டுக்குப் பூனை வந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளையிடம் கேட்டபோது, பேச்சுப் போனாலும் சிலருக்குப் பாட்டு நிற்கும் அன்ரி, அது மூளையில் வேறு வழியால் வரும் என்று விளக்கினாள்.

மூப்பரின் கடைக்கு ஓடினேன், நடந்து போகப் பொறுமை இல்லை. அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கிளியும் பாடும் தங்கச்சி. முப்பது வருசம் ஸ்பீக்கருக்குக் கீழ இருந்தவர். அது ஞாபகம். விசுவாசம் எண்டு நான் எப்பிடிச் சொல்லுற?"

கோபம் உச்சிக்கு ஏறியது. ஒவ்வொரு ஞாயிறும் உள்ளே இருந்து பாடுகிற நாங்கள் மட்டும் கிளி இல்லையா என்று வழிநெடுக மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் இன்னொரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்கே அது தெரியுமா? என்னைச் சந்தோசப்படுத்தத்தான் இந்த மனிதர் ஆற்றில் இறங்க நிற்கிறாரா?

அவரிடமே கேட்டேன். "எனக்காகவா இறங்கப் போறீங்க?"

"சனியன்," என்று சொல்லித் தோளில் கிடந்த துவாயால் எனக்கு ஒரு அடி போட்டார். அது ஓமா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. கூடப் படுத்து எழும்பிய எனக்கே விளங்காதது சீமெந்துக் கடைக்காரருக்கு எப்படி விளங்கும்? என் கணவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் என்ன பேச்சு நடக்கிறதோ, அது அவர்கள் பாடு என்று விட்டேன். ஆனால் ஆற்றில் இறங்குவது அவர் கேட்ட காரியம். அதை வாங்கிக்கொடுப்பது என் பாடு.

ஒரு பின்னேரம் மூப்பர் தனியாக வீட்டுக்கு வந்தார். அன்று நானாவும் வந்திருந்தார். மூவருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன். மூப்பர் இந்தத் தடவை அதட்டவில்லை.

"தங்கச்சி, நான் உங்களுக்கு எதிரி இல்லகா. நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? பேச ஏலாத மனிசனைப் பிடிச்சுத் தண்ணிக்குள்ள முக்கிப்போட்டாங்க எண்டு சொல்லாதா? வேணாம் எண்டு சொல்லவும் இவருக்கு வாய் இல்லையே."

இது நியாயமான பேச்சு. மூப்பர் நானாவைப் பார்த்துத் திரும்பினார்.

"நீங்க எங்கட ஆள் இல்ல. உங்களுக்கு இதில ஒரு லாபமும் இல்ல. நீங்க சொல்லுங்க, இவர் மனசாரத்தான் கேக்கிறாரா?"

நானா கோப்பையைக் கீழே வைத்தார். "ஐயா, இவன்ட கல்புக்குள்ள என்ன இருக்கெண்டு எனக்கும் தெரியா, உங்களுக்கும் தெரியா. படைச்சவனுக்குத்தான் தெரியும். ஆனா வேணாம் எண்டா இவன் எப்பிடி இருப்பான் எண்டு எனக்குத் தெரியும். ஒருக்கா நான் கொண்டுவந்த டயர் புடிக்கல்ல எண்டு, கொட்டுற மழையில திருப்பி ஏத்தவெச்சவன். இப்ப உடம்புதான் அரைவாசி, புடிவாதம் முழுசாக் கிடக்கு. வேணாத தண்ணிக்குள்ள இவனை இறக்க ஏலுமெண்டா இறக்கிப் பாருங்களன்."

"சனியன்," என்றார் என் கணவர்.

"பாத்தீங்களா, ஏசுறான்," என்றார் நானா. நாங்கள் மூவரும் சிரித்தோம்.

மூப்பர் சிரிக்கவில்லை. கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "என்ட மகன் இறங்கினநேரம் எவ்வளவு சத்தமாச் சொன்னவன் எண்டு ஞாபகம் இருக்கா தங்கச்சி?"

எப்படி மறப்பேன்? அக்கரைக்கே கேட்டிருக்கும். கரையில் நின்று முதலில் "கேட்டுது" என்று கூவியவரும் இதே தகப்பன்தான். அந்த மகன் பிறகு போதைத் தூளுக்கு அடிமையானான். சபையின் ஒலிபெருக்கிப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனான். இப்போது புளியந்தீவுப் பக்கம் எங்கோ திரிகிறான் என்று கேள்வி. ஊருக்கே தெரியும், மூப்பருக்கு முன்னால் யாரும் வாய் திறப்பதில்லை.

"நான்தான் கேட்டுது எண்டனான்," என்றார். "நான் என்னத்தைக் கேட்டன்? இன்னொருக்கா அந்தக் கரையில நிண்டு அந்தச் சொல்லைச் சொல்ல எனக்குப் பயமாக் கிடக்கு."

உண்மையைச் சொன்னால், அந்த மகனின் கதையைச் சண்டைக்கென்று பல நாளாக மடியில் கட்டி வைத்திருந்தேன். இன்னொரு தடவை அவர் கிளி என்றால் எடுத்து வீசுவது என்று இருந்தேன். அவரே எடுத்து முன்னால் வைத்தபோது எனக்கு அவரில் இரக்கம் வந்துவிட்டது.

"அண்ணன்," என்றேன், "மகன்ட சத்தத்தைக் கேட்டு, அவன் கரையேறிட்டான் எண்டு தீர்ப்புச் சொன்னீங்க. இப்ப அவன்ட கோலத்தைப் பாத்து, அவன் தண்ணிக்குள்ள தாண்டுபோனான் எண்டு மனசுக்குள்ள தீர்ப்புச் சொல்லுறீங்க. ரெண்டும் உங்கட வேலை இல்லையே. அவன் இன்னும் முடிஞ்ச கதை இல்ல. உங்கட காதில விழுந்ததுக்குக் கேட்டுது எண்டு சொன்னாப் போதும். மிச்சத்தை அதுக்குரியவர் பாக்கட்டும்."

மூப்பர் ஒரு கையால் கண்களைத் துடைத்தார். எழும்பி வாசலுக்குப் போனார். கேட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"வாற ஞாயிறு கச்சான் காத்து கூட அடிக்கும். வெள்ளனவே கூட்டி வாங்க."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நான் நண்டு சமைத்தேன். நானாவையும் விடவில்லை.

ஞாயிறு மூப்பர் சொன்னபடியே காற்று. தண்ணீர் சுருக்கம் சுருக்கமாக வந்து கரையில் அடித்தது. வெள்ளைச் சேட்டும் சாரமுமாக என் கணவரை இறக்கினோம். இடது பக்கம் பாஸ்டர், வலது பக்கம் நான். சேலை நனைந்து கல்லாய்க் கனத்தது, நான் அதைச் சட்டை செய்யவில்லை. கரையில் சபை முழுவதும் நின்றது. சும்மா பார்க்க வந்த ஊராட்களும் நின்றார்கள். மேலே வீதியோரத்தில் தொப்பியோடு நானா நின்றார். மூப்பர் தன் வழக்கமான இடத்தில், எல்லாருக்கும் முன்னால்.

பாஸ்டர் கேட்டார்: "இயேசுவை உங்கட ஆண்டவரா விசுவாசிக்கிறீங்களா?"

என் கணவர் நெஞ்சு நிறைய மூச்சை எடுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. வேறு ஒரு சொல்லைத்தான் அவர் தூக்கப் பார்க்கிறார் என்று அவர் கையைப் பிடித்திருந்த எனக்குத் தெரிந்தது. முழுப் பலத்தையும் கூட்டிச் சொன்னார்.

"சனியன்!"

ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார், எங்கோ ஒரு சிரிப்பு பாதியில் நின்றது. பாஸ்டர் கரையைப் பார்த்தார். கரை பதில் சொல்லவேண்டும். ஒருவரும் சொல்லாவிட்டால் நானே தண்ணீருக்குள் நின்று கத்துவதென்று வாயைத் திறந்தேன்.

"கேட்டுது!"

மூப்பர்தான். இரண்டு கைகளையும் வாயைச் சுற்றிக் குவித்திருந்தார். குரல் உடைந்திருந்தது. பிறகு எங்களை விட்டு முகத்தைப் புளியந்தீவுப் பக்கம் திருப்பி, இன்னும் பலமாக, இன்னொரு தரம் கூவினார்: "கேட்டுது!" அந்தச் சத்தம் என் கணவருக்கு மட்டும் இல்லை என்று எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு கரையே எழும்பிற்று. பெண்கள், ஆண்கள், இரட்சிக்கப்படல்லயா என்று கேட்டுக்கேட்டு என் உயிரை வாங்கியவர்கள், எல்லாரும் "கேட்டுது! கேட்டுது!" என்று கத்தினார்கள். மேலேயிருந்து நானாவின் குரல் தனியாக வந்தது: "கேட்டுது மச்சான்!"

பாஸ்டர் அவரை முக்கி எடுத்தார். கரையில் யாரோ தோணிக்காரரின் பாட்டைத் தொடங்கினார்கள். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஒழுக ஒழுக இவரும் சேர்ந்து பாடினார், ஒரு அடி விடாமல். நான் பாடவில்லை. முப்பது வருசம் மரத்தின் கீழ் இருந்த மனிதரின் அந்த ஒரு குரலைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பாட்டு முடிந்தது. என் பக்கம் திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"சனியன்," என்றார்.

"கேட்டுது," என்றேன்.